கடனும் ஆக்கமும்

(பத்மநாபபுரத்தில் நடந்த நம் சங்க ஆண்டுவிழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணவர் விடுதி கட்டக் கடன் வாங்கலாமா என்னும் வினா சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்தபோது, முதியவர் ஒருவர், "அரசாங்கமே கடனில் மூழ்கிக் கிடக்கிறது, நாமும் மூழ்க வேண்டுமா?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது; விடை எழவில்லை. அவ்விடையை நாடுவதே இன்று என் கருத்து.

திருவள்ளுவர் வரவையும் செலவையும் ஒப்பிட்டு எச்சரித்தது 'பொருள் செயல்வகை'யில் அன்று, 'வலியறித'லில். பற்றாக்குறை பணத்தை மட்டுமன்று, வலிமையையே தின்னும் என்பது அவர் துணிபு போலும். எனினும் எல்லாப் பற்றாக்குறையும் ஒரு தன்மையனவோ? நம் நாட்டு வரலாற்றையே பார்ப்போம்.

1858-இல் மாதவராவ் திருவிதாங்கூர்த் திவானானபோது கஜானா வறண்டு கிடந்தது. உத்தியோகஸ்தர் சம்பளமும் பாக்கி நின்றது.  மிளகின்மேல் சர்க்கார் கொண்டிருந்த ஏகபோகத்தை 1860-இலும், புகையிலையின்மேல் இருந்ததை 1863-இலும் நீக்கினார். சில்லறை வரிகள் பலவும் ஒழிந்தன. வாணிகம் தழைத்தது, வருவாய் உயர்ந்தது, பழைய கடனும் தீர்ந்தது.

இதைக் கேட்டு, வரியைக் குறைத்தாலே வளம் பெருகும் என்று எவரும் கொள்ளற்க. அண்டை நாடாகிய இலங்கையில் 2019-ஆம் ஆண்டின் இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை நூற்றுக்கு 15-இலிருந்து 8-ஆகக் குறைத்தனர். வருவாய் சுருங்கிற்று, பெருந்தொற்றும் வந்து சேர்ந்தது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்தி வைத்தனர். மாதவராவ் எடுத்தெறிந்தது வாணிகத்தின் கால்விலங்கு. இலங்கை கைவிட்டதோ செலவுக்கு ஆதாரமான வரவு.

இனிச் செலவைப் பார்ப்போம். மாதவராவ் காலத்திலேயே, திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்கும் நோக்கத்தோடு அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் தொடங்கப்பட்டது. அது குமரியை எட்டவேயில்லை. நம் பக்கத்தில் அதன் தூர்ந்த பகுதிகளைக் கண்டவர் உங்களுள் பலர் இருப்பீர்கள். 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையோ, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாஞ்சில் நாட்டு வயல்களின் கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் நீர் தந்து வருகிறது. இரண்டும் சர்க்கார் செலவே. ஒன்று ஆண்டுதோறும் திருப்பித் தருகிறது, மற்றது தரவில்லை.

அரசாங்கக் கணக்கில் பற்றாக்குறை இருவகைப்படும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் முதலிய அன்றாடச் செலவுக்கே வரவு போதாதிருப்பது வருவாய்ப் பற்றாக்குறை. முதலீட்டையும் சேர்த்து ஆண்டு முழுமைக்கும் கடனால் நிரப்ப வேண்டியது நிதிப் பற்றாக்குறை. பின்னது பாலமாகவோ துறைமுகமாகவோ நின்றால், நாட்டின் வருவாய் வட்டியைவிட விரைந்து வளரக்கூடும்; அப்போது கடன் தானே இலேசாகும். முன்னதற்காக வாங்கிய கடன், சோற்றுக்கு வாங்கிய கடனாயிற்றே! அன்றியும் மக்களின் சேமிப்பை அரசே கடனாக அள்ளிக்கொண்டால், நம் கடைக்காரருக்கு வட்டி ஏறும்.

தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பமொன்றின் தலைமேல் ரூ. 2,63,976 பொதுக்கடன் இருப்பதாகக் கணக்கிட்டது. அத்தொகையைக் கேட்டு அஞ்சியோர் பலர். என்னை அச்சுறுத்தியது அதுவன்று. மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறை 2013-க்குப் பின் ஆண்டுதோறும் தொடர்ந்து வந்தது என்பதே. பெருந்தொற்றுக் காலத்தில் கடன் வாங்கி உயிர் காத்ததை நான் குறை கூறேன். மழை பொய்த்த ஆண்டில் விதைநெல்லுக்குக் கடன்படாத உழவன் யார்?

என் தந்தையார் இருமுறை வயலை ஒற்றி வைத்தார். முதல்முறை என் தமக்கையின் கலியாணத்துக்கு. மூன்று நாள் விருந்து. அவ்வயல் மீளவேயில்லை. இரண்டாம் முறை நான் புலவர் பட்டம் பெறுவதற்கு. அதனை என் சம்பளத்தில் ஐந்தாண்டில் மீட்டேன். தமக்கையார் இன்றும் அந்த வரப்பு வழியே நடவார்.

ஆதலின் அம்முதியவர்க்கு என் விடை இது: விடுதிக்குக் கடன் வாங்குவோம், ஆண்டுவிழாப் பந்தலுக்கும் விருந்துக்கும் ஒரு காசும் வாங்கோம். இவ்விரண்டையும் தனித்தனி ஏட்டில் எழுதித் தருமாறு பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அவ்விரு ஏடுகளும் உங்கள் முன் வைக்கப்படும்.