இறுகிய டென்ஷனரை இளக்கும் முறை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் முழங்கும் இம்மேடையில் ஓர் இரும்பு உறுப்பைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். காரணம் உண்டு. விடுமுறை வந்தால் நம் குடும்பங்களுட் பல, மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை வழியாக உதகைக்குக் காரில் புறப்படுகின்றன. இடையில் பந்திப்பூர்க் காடு. 2009 முதல் அக்காட்டுச் சாலையில் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது. மாலை மங்கும் வேளையில், யானை உலவும் அவ்விடத்தில் என்ஜின் கொதித்து நின்றுவிட்டால், பிள்ளைகளோடு என் செய்வது? அத்தகைய இடருக்கு, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் என்னும் சிறு உறுப்பும் ஒரு காரணம் ஆகலாம்.

என்ஜினின் முன்புறத்தில் ஓடும் ரப்பர் பெல்ட், பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரையும், பல கார்களில் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், பேட்டரி இளைக்கும், நீரோட்டம் குன்றி என்ஜின் கொதிக்கும். அளவுக்கு மீறி இறுகினாலோ பேரிங்குகள் தேயும். ரயில்வேயிலும் இதே கதைதான். பெரம்பூர்த் தொழிற்சாலை 2018 வரை கட்டிய பழைய வகைப் பெட்டிகளில், சக்கர அச்சிலிருந்து பெல்ட் வழியே சுழலும் ஆல்டர்னேட்டரே விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் தருவது. அங்கும் பெல்ட்டின் இறுக்கத்தை ஊழியர் சோதித்தே வண்டியை அனுப்புவர்.

பழைய அம்பாசடர் காரில் டைனமோவையே சற்று நகர்த்திப் பெல்ட்டை இறுக்கினோம். இக்காலத்துக் கார்கள் பலவற்றில் சுருள்வில் பொருத்திய ஒரு கை தானே அப்பணியைச் செய்கிறது. அக்கை திரும்பும் மூட்டினுள் மழைநீரும் சேறும் புகுந்தால் உலோகம் அரிக்கும். அரித்த பொருள் முன்னினும் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால் மூட்டு இறுகும். பின்னர் வில்லின் விசை பெல்ட்டைச் சேராது. காலையில் வண்டியைக் கிளப்பும்போது எழும் கீச்சொலியே முதல் எச்சரிக்கை.

இதனை இளக்க வலிமையினும் பொறுமையே வேண்டும். என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, சாவியை எடுத்து, பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றுக. மூட்டைச் சுற்றியுள்ள அழுக்கைத் தூரிகையால் அகற்றுக. பெல்ட்டைத் துணியால் மூடிவிட்டுத் துரு நீக்கும் எண்ணெயை மூட்டில் மட்டும் இடுக. எண்ணெய் பட்ட ரப்பர் கெடும். ஓரிரவு ஊறவிடுக. மறுநாள் நீண்ட பிடியுள்ள ஸ்பானரால், பெல்ட் தளரும் திசையில் சிறிதே அசைத்து, மீள விடுக. அசையாவிடில் மீண்டும் எண்ணெய் இட்டுக் காத்திருக்க வேண்டும்.

குழாயைச் செருகி முழுப் பலத்தோடு இழுத்தல் கூடாது, போல்ட்டு முறியும். நெருப்பால் சூடேற்றலும் கூடாது. அருகில் எண்ணெயும் ரப்பரும் உள்ளன. சுருள்வில் உள்ள கூட்டைப் பிரித்தல் பெரும் தீங்கு. முறுக்கேறிய வில் தெறித்துக் கண்ணைப் பறிக்கும். கையால் திருகி இறுக்கும் வகையாயின், பூட்டு நட்டைத் தளர்த்திய பின்னரே சரிசெய்யும் திருகைத் தொடுக. முறை மாறினால் திருகு ஒடியும். என்ஜினின் உள்ளே வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் டென்ஷனரோ வேறு. அதனை மெக்கானிக்கே தொடவேண்டும்.

இளகிய கை, விட்டவுடன் தானே மீள்கிறதா என்று பார்க்க வேண்டும். மீளாது நின்றாலும், கப்பி கரகரவென்று சுழன்றாலும், புதிய டென்ஷனரே தகும். ஒருமுறை இறுகியது மீண்டும் இறுகும் இயல்புடையது; இளக்குதல் என்பது பழைய பெல்ட்டைக் கழற்றவும் மெக்கானிக்கிடம் சென்று சேரவும் உதவும் வழியே அன்றி, நிலையான மருந்து அன்று.

ஆதலின் பயணத்துக்கு முதல்நாள் அன்று, ஒரு வாரம் முன்னரே வண்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் ஊறவும், உறுப்பு வாங்கவும் காலம் கிடைக்கும். நடுக்காட்டில் கிடைக்காதது அக்காலம் ஒன்றே.