கம்பெனிக்குப் போற தாயும் கைக்குழந்தையின் பாலும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



போன மாசக் கூட்டத்துல தாய்ப்பால் பற்றி யாராவது பேசுங்கன்னு கேட்டாங்க. நான் பேசறேன்னு பேர் கொடுத்தேன். தாய்ப்பால்தான் சிறந்ததுன்னு சொல்றதுக்கு நான் தேவையில்லை, அது அங்கன்வாடிச் சுவத்துலயே எழுதியிருக்கு. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம்னு நர்சம்மா சொல்றாங்க. அது சரியான பேச்சுதான். ஆனா மூணாவது மாசம், நாலாவது மாசம் மறுபடி ஷிப்டுக்குப் போற பொண்ணு என்ன செய்யணும்னு அந்தச் சுவத்துல எழுதலை. அவங்களுக்காகத்தான் இன்னிக்குப் பேசறேன்.

1989-ல் தர்மபுரி மாவட்டத்துலதான் தமிழ்நாட்டில் முதல்ல மகளிர் சுய உதவிக் குழு தொடங்கினாங்க. நம்ம கிருஷ்ணகிரி அப்போ தர்மபுரியோட இருந்தது. அந்தக் காலத்துல நம்ம அம்மாமார் கடன் வாங்கினா, வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் ஒரு ஆடு, ஒரு மாடு பிடிப்பாங்க. வேலை வீட்டைச் சுத்தியே இருக்கும், குழந்தை அழுதா ஓடிவந்து பால் கொடுப்பாங்க. இப்போ நம்ம பொண்ணுங்க வேலை ஓசூர்ல, குருபரப்பள்ளியில, போச்சம்பள்ளியில. 2021-ல் போச்சம்பள்ளி கிட்ட பேட்டரி ஸ்கூட்டர் ஃபேக்டரியை முழுக்கப் பெண்களே நடத்துவாங்க, 10,000 பேருக்கு வேலைன்னு அறிவிச்சாங்க, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. விடிகாலையில கூட்ரோட்டுல கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணுங்களைப் பார்த்தா எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு. கையில காசு வருது. மாமியார் கூட மரியாதையாப் பேசறாங்க.

2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, முதல் ரெண்டு குழந்தைக்கும் சம்பளத்தோட 26 வாரம் லீவுன்னு கொண்டுவந்தாங்க. நிரந்தரமா இருக்கிறவங்களுக்கு அது கிடைக்குது. கான்ட்ராக்ட்ல இருக்கிற நிறைய பொண்ணுங்க ஏழாவது மாசம் நின்னுடறாங்க, குழந்தை பிறந்த பிறகு வேற கான்ட்ராக்டர்கிட்ட புதுசா சேர்றாங்க. அவங்களுக்கு லீவும் இல்ல, லீவு சம்பளமும் இல்ல. என் தங்கச்சி அப்படித்தான். பையனுக்கு மூணரை மாசம் ஆனப்போ வேலைக்குப் போனா. பகல் முழுக்கப் பையனைப் பார்த்துக்கிட்டது நான். அதனால நான் சொல்றதுல பாதி நர்சம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சது, மீதி கையால செஞ்சது.

முதல்ல ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னாங்க. கழுதைப்பால் ஒரு சங்கு கொடுன்னு ஒரு பாட்டி. மாட்டுப்பால்ல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் கொடு, நாங்க அப்படித்தான் வளர்த்தோம்னு இன்னொருத்தங்க. பெரியவங்க பேச்சைத் தள்ளக் கூடாதுதான். ஆனா ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மாட்டுப்பாலைப் பாலாக் கொடுத்து வளர்க்கக் கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. அதுல இரும்புச் சத்து குறைவு, பச்சைக் குழந்தையோட கிட்னிக்கும் அது பாரம். நாலு மாசத்துல தாய்ப்பால் பத்தலைன்னா அடுத்தது பவுடர் பால்தான். அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 6 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமாரா 900 மில்லி பால் வேணும். பெரும்பாலான டப்பாவுல 30 மில்லி தண்ணிக்கு ஒரு ஸ்கூப்னு போட்டிருக்கும். அப்போ ஒரு நாளைக்கு 30 ஸ்கூப். 400 கிராம் பாக்கெட் மூணு நாள் தாங்காது. மாசம் 10 பாக்கெட், பாக்கெட் 400 ரூபாய்னு வச்சாலும் 4,000 ரூபாய். கான்ட்ராக்ட் சம்பளத்துல இவ்வளவு போனா மீதி என்ன நிக்கும்? அதனாலதான் பல வீட்டுல நாலு ஸ்கூப் போடற இடத்துல ரெண்டு போடறாங்க. குழந்தை குடிக்குது, வயிறு ரொம்புது, தூங்குது. எடை மட்டும் ஏறறதில்ல. அங்கன்வாடியில எடை போடும்போதுதான் தெரியுது. பாலைத் தண்ணியாக் கலக்கறது குழந்தையைப் பட்டினி போடறதுதான், யாருக்கும் அப்படித் தோணாது, அவ்வளவுதான். கெட்டியாக் கலந்தாலும் தப்பு, மலம் இறுகிப் போகும், உடம்புல நீர் வத்தும். அந்த ஸ்கூப்பைத் தலை தட்டி, டப்பாவுல போட்டபடிதான் போடணும்.

தண்ணியைப் பற்றி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இது நம்ம மாவட்டத்துப் பிரச்னை. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் பல ஊர் போர் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா ஆகாது. பல்லுல பழுப்புக் கறை விழுந்த பசங்களை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தாங்க, 2013-ல் தண்ணி வந்தது. தண்ணியைக் காய்ச்சினா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணி சுண்டி அது இன்னும் கூடத்தான் செய்யும். பவுடர் பால் குடிக்கிற குழந்தைக்கு உள்ளே போறது முக்கால்வாசிக்கு மேல தண்ணிதானே! பல்லு வெளியே வர்றதுக்கு முன்னாடியே ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கும். அதே போர் தண்ணியை அம்மா குடிச்சாலும் தாய்ப்பால்ல ஃபுளோரைடு ரொம்பக் கொஞ்சம்தான் இறங்குது. இதைக் கேட்டப்போ எனக்கே ஆச்சரியமா இருந்தது. அதனால பவுடர் கலக்க ஒகேனக்கல் தண்ணி, இல்லன்னா நல்ல ஆர்.ஓ. தண்ணி எடுத்துக் காய்ச்சுங்க. காய்ச்சி இறக்கி அரை மணி நேரத்துக்குள்ள, சூடு இருக்கும்போதே பவுடர் போடணும், பவுடர்லயும் கிருமி இருக்கலாம். தண்ணி முதல்ல, பவுடர் அப்புறம். ஆற வச்சு, மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கணும். கலந்து 2 மணி நேரம் ஆயிட்டா ஊத்திடுங்க.

அடுத்தது பீய்ச்சி எடுக்கிற பால். இதுக்கு நிறைய பேர் முகம் சுளிக்கிறாங்க. மாட்டுக்குச் செய்யறதை மனுஷிக்குச் செய்யறதான்னு என் மாமியார் கேட்டாங்க. அம்மா மார்ல இருந்து வர்ற அதே பால்தானே அத்தை, பாத்திரத்துல வர்றதால சாதி மாறிடுமான்னு கேட்டேன், சிரிச்சுட்டாங்க.

மிஷின் வாங்கணும்னு அவசியம் இல்ல. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, வெந்நீர்ல நனைச்ச துணியைக் கொஞ்ச நேரம் வச்சு ஒத்தடம் கொடுக்கணும். கட்டைவிரல் மேல, ஆள்காட்டி விரல் கீழ, கருவளையத்தோட ஓரத்துல வச்சு, முதல்ல நெஞ்சுப் பக்கமா அழுத்தி, அப்புறம் விரலைச் சேர்த்துப் பிழிஞ்சு, விடணும். தோல் மேல இழுத்துத் தேய்க்கக் கூடாது, புண்ணாயிடும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஒரு 20 நிமிஷம். முதல் நாள் என் தங்கச்சிக்கு டம்ளர் அடியில நாலு சொட்டுதான் வந்தது, அழுதுட்டா. ஒரு வாரத்துல ஒரு தடவைக்கு 60, 70 மில்லி வந்தது. பால் எவ்வளவு எடுக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் உடம்பு சுரக்கும். குழந்தை குடிக்கலை, நாமும் எடுக்கலைன்னா, இந்தப் பால் வேண்டாம்போலன்னு உடம்பு நிறுத்திடும். பவுடர் பால் ஆரம்பிச்ச வீட்டுல ஒரு மாசத்துல தாய்ப்பால் வத்திப்போறதுக்குக் காரணம் இதுதான், கண்ணு பட்டதால இல்ல.

காலையில 4 மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு மீதியை எடுப்பா. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை. மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா, காய்ச்சிக் கழுவினது. வெளியே 4 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம்னு சொல்றாங்க. நம்ம ஊர் சித்திரை வெயில்ல அதை நான் நம்ப மாட்டேன், உடனே ஃபிரிட்ஜ்ல, கதவுப் பக்கம் இல்லாம உள்ளே தள்ளி வச்சுடுவேன். ஃபிரிட்ஜ்ல 4 நாள் வரைக்கும் இருக்கும்னு சிலர் சொல்வாங்க. கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல ஒரு நாளுக்கு மேல நான் வச்சதில்ல. மேல ஏடு மாதிரி கொழுப்பு மிதக்கும், கெட்டுப்போச்சுன்னு ஊத்திடாதீங்க, மெதுவா ஒரு சுத்துச் சுத்தினா கலந்துடும். அடுப்புல வைக்கக் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்துக்குள்ள டப்பாவை வச்சாலே வெதுவெதுப்பாயிடும்.

கொடுக்கிறதுக்கு பாட்டில் வேண்டாம். நம்ம பாலாடையை மறந்துட்டோம்! பெரிய ஆஸ்பத்திரிகள்ல எடை குறைஞ்ச குழந்தைக்கு இன்னிக்கும் பாலாடையிலதான் கொடுக்கிறாங்க. கழுவறது சுலபம், மூலையில பால் தங்காது. பாட்டில் நிப்பிள்ல பால் தானா ஓடிவரும், அதுக்குப் பழகின சில குழந்தை சாயங்காலம் அம்மா மார்ல சப்ப மாட்டேங்குது. பாலாடையைத் தினமும் 10 நிமிஷம் கொதிக்க வச்சுடுங்க. குழந்தையை நிமிர்த்தி மடியில வச்சு, உதட்டு ஓரத்துல தொட்டு, அதுவா உறிஞ்சற வரைக்கும் பொறுக்கணும், வாயில கொட்டக் கூடாது.

தாய்ப்பாலையும் பவுடர் பாலையும் ஒரே கிண்ணத்துல கலக்காதீங்க. முதல்ல தாய்ப்பால், அது தீர்ந்த பிறகு பவுடர். குழந்தை மீதி வச்சா வீணாப் போறது பவுடராத்தான் இருக்கட்டும். தண்ணிக்குப் பதிலா தாய்ப்பால்ல பவுடரைக் கலக்கறது கூடவே கூடாது.

இப்படிப் பகல்ல ரெண்டு வேளை எடுத்த பால், ரெண்டு வேளை பவுடர். சாயங்காலம், ராத்திரி, லீவு நாள் முழுக்க நேரா அம்மாகிட்ட. ராத்திரி கொடுக்கிறதுதான் பால் வத்தாம காப்பாத்தும், அதை விடவே கூடாது. ஒரு பாக்கெட் 11 நாள் வந்தது. மாசம் 4,000 ஆக வேண்டிய செலவு 1,200-ல நின்னுது. பையன் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போனான், மாசா மாசம் எடை ஏறினது, எங்களுக்கு அது போதும்.

பால் சுரக்காதவங்க இருக்காங்க. இரட்டைக் குழந்தை பெத்தவங்க, சில மருந்து சாப்பிடறவங்க இருக்காங்க. அவங்களைப் பார்த்து நீ என்ன தாயான்னு கேட்கிற வாயை இந்தக் கூட்டத்துலயாவது அடக்கணும்.

கஷ்டம் எங்கே வந்ததுன்னா, கம்பெனியில. அது எந்தக் கம்பெனின்னு சொல்ல வேண்டாம். பத்து மணி நேரம் வெளியே இருக்கும்போது மார்பு கட்டிக்கும், கல்லு மாதிரி ஆகும், சட்டை நனையும். என் தங்கச்சி கக்கூஸ்ல நின்னுகிட்டே பிழிஞ்சு வாஷ்பேசின்ல ஊத்தினா. வீட்டுல இங்கே நான் பவுடர் கலக்கறேன், அங்கே அவ பாலைக் கொட்டறா. கொட்டினாலும் பரவாயில்ல, எடுத்துடணும், இல்லன்னா கட்டி சீழ் பிடிச்சுடும்னு நர்சம்மா சொன்னதால விடாம செஞ்சா. 1961 மகப்பேறு சட்டத்துலயே குழந்தைக்கு 15 மாசம் ஆகிற வரைக்கும் தினம் ரெண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை உண்டுன்னு இருந்தது. 2017 திருத்தத்துல, 50 பேர் வேலை செய்யற இடத்துல குழந்தைக் காப்பகம் வேணும், தாய் நாலு தடவை போய்ப் பார்க்கலாம்னு சேர்த்தாங்க. லைன்ல நிக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்? 2015-ல் தமிழ்நாட்டுல பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார் பாலூட்டும் அறை திறந்தாங்க. பஸ் ஸ்டாண்டுல முடியறது ஃபேக்டரியில முடியாதா?

அதனால கூட்டமைப்பு சார்பா ஒரு மனு எழுதியிருக்கோம். உள்தாழ்ப்பாள் போட்ட ஒரு சின்ன ரூம், உட்கார ஒரு சேர், கை கழுவக் குழாய், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். கான்ட்ராக்ட் பெண்களுக்கும் அந்த இடைவேளை. இவ்வளவுதான் கேட்டிருக்கோம். வர்ற திங்கட்கிழமை குறை தீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல கொடுக்கப் போறோம். கையெழுத்து நோட்டு மேடைக்கு இடது பக்க மேஜையில இருக்கு. கம்பெனிக்குப் போற மருமக, மகள் பேரையும் ஷிப்டையும் சேர்த்து எழுதுங்க.