பனியன் துணியில் ஒரு கவுன்

(வெள்ளி விழாவையொட்டி, விருத்தாசலத்தில் தையற் பயிற்சி பெறும் மகளிர்க்கும் இளைஞர்க்கும் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவோர் பலர் உளர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ ஒரு கவுனைப் பற்றி. தலைமையாசிரியருக்குத் தையலில் என்ன வேலை என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. தையற்கடையில் பேட்டர்ன் என்று வழங்கும் அளவுத்தாளைத் திருத்துவது, கூட்டலும் கழித்தலும் நாலில் ஒன்றும் விழுக்காடுமே அன்றி வேறில்லை. எட்டாம் வகுப்பிலேயே நாம் கற்பித்துவிடும் கணக்குத்தான் அது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த அக்கணக்கு, கையில் கத்திரிக்கோல் இருக்கும்போது மறுபடியும் நம்மைத் தேடி வருகிறது.

நம் பயிற்சி வகுப்பில் பெண்கள் கையாளும் அளவுத்தாள்கள் யாவும் நெசவுத் துணிக்காக வரையப்பட்டவை. பாப்ளின், வாயில், கைத்தறி முதலியவற்றுக்கு அவை மிகப் பொருந்தும. அதே தாளைப் பனியன் துணியின் மேல் வைத்து வெட்டினால் என்ன நேர்கிறது? தோள் சரிகிறது, கழுத்து வாய் பிளக்கிறது, முதுகில் வைத்த ஜிப் பாம்பு போல நெளிகிறது. இரண்டு முறை துவைத்தபின் கவுன் அகலத்தில் பெருத்து, நீளத்தில் குட்டையாகிவிடுகிறது. தைத்தவரின் கை சரியில்லை என்று வீட்டார் கூறுவர். கை சரியாகத்தான் இருக்கிறது. தாள்தான் வேறொரு துணிக்கு உரியது.

நெசவுத் துணியில் பாவு நூலும் ஊடு நூலும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இழுத்தால் அவை இடங்கொடா. பனியன் துணியோ நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் மீளும். நெசவுத் துணி இடங்கொடாததால், மூச்சு விடவும் கையைத் தூக்கவும் நாம் ஆடையில் கூடுதலாக அளவு விட வேண்டியிருக்கிறது. அதைத் தளர்வு என்போம். பனியன் துணியில் அத்தளர்வைத் துணியே தருகிறது. நாமும் விட்டால் இரண்டு தளர்வாகி ஆடை தொங்கும்.

விருத்தாசலத்தில் இதை விளக்குவது எளிது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்விக்கூடமே உள்ள ஊர் இது. பொம்மைக்கு அச்சு எடுப்பவர், வேண்டிய பொம்மையின் அளவுக்கே அச்சைச் செய்துவிடுவதில்லை. களி உலரும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும் என்று அறிந்து, அச்சைப் பெரிதாகவே செய்கிறார். பொருளின் குணத்தைக் கேட்டுக்கொண்டு அச்சைத் திருத்துவது நம் ஊர்த் தொழிலாளர்க்குப் புதிதன்று. அங்கே பெரிதாக்குகிறோம், இங்கே பெரும்பாலும் சிறிதாக்குகிறோம். அவ்வளவே வேறுபாடு.

இத்துணியைப் பற்றி இன்னொன்றும் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆடவர் கோட்டு, சட்டை, பனியன் அணியக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக்கூடாது என்பது இன்னொன்று. வீட்டில் மண்பாண்டம் அன்றி வேறு பாத்திரம் புழங்கக்கூடாது என்பதும் அப்பட்டியலில் உண்டு. இன்று நாம் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று நிறுத்து வாங்கும் இந்தப் பனியன் துணி, நம் பாட்டன்மார் சிலர்க்கு விலக்கப்பட்ட பொருளாக இருந்தது. 1927 டிசம்பரில் மகாட் நகரில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் தனியே பேசியபோது, சேலை உடுத்தும் முறையையே மாற்றச் சொன்னதும் இக்காரணம் பற்றியே. பார்த்த மாத்திரத்தில் சாதியைக் காட்டும் உடை வேண்டா என்றார். அளவு நாடா தம்மேல் படாமல், தூர நின்று கண்ணளவால் தைத்துத் தந்த காலத்தையும் மூத்தோர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே நம் வகுப்பின் முதற்பாடம், நம் பிள்ளையின் உடம்பை நாமே நாடா வைத்து அளப்பது.

இனி வேலைக்கு வருவோம்.

துணி வாங்கியதும் வெட்டக்கூடாது. ஓர் ஓரத்தில் 20 அங்குலச் சதுரம் குறித்து, துவைத்து, நிழலில் பரப்பி உலர்த்தி, மறுபடி அளக்க வேண்டும். நீளவாட்டில் 19 அங்குலமாகியிருந்தால் சுருக்கம் நூற்றுக்கு 5. 36 அங்குலக் கவுனுக்கு ஏறத்தாழ 2 அங்குலம் போய்விடும். முழுத் துணியையும் முன்னதாகவே நனைத்து உலர்த்திவிடுவது இன்னும் நல்லது. ஈரத்துணியைக் கொடியில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். தன் எடையாலேயே அது நீண்டுவிடும்.

அடுத்து நெகிழ்ச்சியைச் சோதித்தல். துணியின் அகலவாட்டில் 4 அங்குலம் பிடித்து இழுங்கள். வலிந்து இழுக்காமலே 5 அங்குலம் வந்தால் நெகிழ்ச்சி நாலில் ஒரு பங்கு, 6 வந்தால் பாதி. மிகுதியாக நெகிழும் அவ்வகலவாட்டுத்தான் உடம்பைச் சுற்றி வரவேண்டும். திருப்பி வெட்டினால் கவுன் நாளுக்கு நாள் முழங்காலுக்குக் கீழே இறங்கும். விட்டபின் மீளாத துணியை வாங்கவே வேண்டா, அது எவ்வளவு மலிவாயினும்.

இப்போது தாள். மார்பளவு 28 அங்குலமுள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். நெசவுத் துணித் தாளில் 4 அங்குலத் தளர்வு சேர்த்து 32 இருக்கும். தாள் உடம்பின் நாலில் ஒரு பகுதியே ஆதலால், தையலுக்கு விடுவது நீங்கலாக அதன் அகலம் 8 அங்குலம். பனியன் துணிக்கு 1 அங்குலத் தளர்வு போதும். 28-உடன் 1 சேர்த்தால் 29, அதில் நாலில் ஒன்று 7¼. ஆகவே முன்பக்கத் தாளிலும் பின்பக்கத் தாளிலும் பக்கத்தையல் ஓரத்தில் முக்கால் அங்குலம் குறைக்க வேண்டும். நடுவில் கை வைக்கக்கூடாது. நடுவில் குறைத்தால் கழுத்தும் தோளும் கெட்டுவிடும்.

பக்கத்தைக் குறைத்தவுடன் கைக்குழியும் மாறிவிடுகிறது. அதன் அடியை அரை அங்குலம் மேலே ஏற்றி, வளைவை மறுபடி வரையுங்கள். கைத்தாளிலும் இரு பக்கத்தும் முக்கால் அங்குலம் குறைத்து, மேல் வளைவைச் சற்றுத் தட்டையாக்குங்கள். பின்பு நாடாவை விளிம்பின்மேல் நிறுத்திக் கைக்குழியையும் கையின் வளைவையும் அளந்து ஒப்பிடுங்கள். நெசவுத் துணியில் கையின் வளைவு ஓரங்குலம் கூடுதலாக இருக்கலாம், சுருக்கிப் பிடித்து ஏற்றிவிடுவோம். இங்கே இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருத்தல் வேண்டும். தோள் அகலத்தைக் கால் அங்குலம் குறைத்து, தோள் தையலோடு சேர்த்து ஒரு மெல்லிய பருத்தி நாடாவையும் வைத்துத் தைத்தால் தோள் சரியாது. முழு ஆடையும் தோளில்தான் தொங்குகிறது என்பதை மறவாதீர்.

மற்றவை எளியவை. முதுகில் பொத்தானுக்காகவோ ஜிப்புக்காகவோ விட்ட பகுதியை நடுக்கோடு வரை வெட்டி நீக்கிவிட்டு, பின்பக்கத் தாளையும் முன்பக்கம் போலவே துணியின் மடிப்பில் வைக்கலாம். தலை நுழையுமா என்பதே வினா. தலைச்சுற்று 21 அங்குலமும் கழுத்துத் திறப்பு 18 அங்குலமும் இருந்து, துணி நாலில் ஒரு பங்கு நெகிழ்ந்தால் 22½ கிடைக்கும். நுழையும். பெரியவர்க்கான தாளாயின் மார்புப் பிடிப்பை, அதாவது டார்ட்டை, விட்டுவிடலாம். விட்டபின் முன்பக்கத்தின் பக்கநீளம் பின்பக்கத்தைவிட மிகும், அதைச் சமமாக்க மறக்கக்கூடாது. இடுப்பில் வெட்டிச் சுருக்கு வைக்கும் பாவாடைப் பகுதி இந்த ஆடைக்குத் தேவையில்லை. இடுப்பில் 3 அங்குலத் தளர்வு விட்டு, அங்கிருந்து கீழே விரியும் நேர்க்கோடு வரைந்து, கீழ்ச்சுற்று 48 அங்குலம் வருமாறு அமைத்தால் பிள்ளை சைக்கிள் ஓட்டவும் தடையிராது.

தாய்மார்கள் சிலர் பனியன் துணி உடம்போடு ஒட்டும் என்று தயங்குகின்றனர். அத்தயக்கம் நியாயமானதே. ஆண்கள் உள்ளே அணியும் மெல்லிய துணியில் கவுன் தைக்கலாகாது. சதுர மீட்டருக்கு 180 முதல் 220 கிராம் வரை எடையுள்ள துணியைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஜி.எஸ்.எம். என்று சொல்வது அதைத்தான். உள்ளாடைத் துணிதானே என்று இழிவாகவும் எண்ண வேண்டா. அநாதை விடுதியில் வளர்ந்து தையல் கற்ற பிரெஞ்சுப் பெண்மணி கோகோ சானெல், முதல் உலகப் போர்க் காலத்தில், அதுவரை ஆண்களின் உள்ளாடைக்கே பெரும்பாலும் பயன்பட்ட ஜெர்ஸித் துணியில்தான் பெண்களுக்கு உடை வெட்டிப் பெயர் பெற்றார்.

விலைக்கணக்கும் பார்த்துவிடுவோம். 60 அங்குல அகலமும் 200 கிராம் எடையும் உள்ள துணி, கிலோவுக்கு ஏறத்தாழ 3¼ மீட்டர் வரும். சுருக்கமும் கீழ்மடிப்பும் சேர்த்து ஒரு கவுனுக்கு 1 மீட்டர் போதும். ஆக ஒரு கிலோவில் மூன்று கவுன். பொத்தான் இல்லை, ஜிப் இல்லை, கொக்கி இல்லை. குழாய் வடிவில் வரும் துணியாயின் அதன் பக்க மடிப்புத் தழும்பு துவைத்தாலும் போகாமல் நிற்பதுண்டு. அது மார்பின் நடுவே வந்து விழாதபடி மாற்றி மடியுங்கள்.

வெட்டும்போது துணி மேசையிலிருந்து தொங்கினால் இழுபட்டு அளவு பிழையாகும். குண்டூசியைவிடப் பாரம் வைப்பது நன்று. நம் ஊரில் உடைந்த பீங்கான் துண்டுக்கா பஞ்சம்? தைக்க உருண்டை முனை ஊசி வேண்டும். கூரிய ஊசி கண்ணியை அறுத்துவிடும், அறுந்த கண்ணி ஏணி போல ஓடும். ஓவர்லாக் இயந்திரம் இருப்பின் தொல்லையில்லை. மிதி இயந்திரம் மட்டும் உள்ளவர் சிறிய தையலாக வைத்து, துணியை மிக இலேசாக இழுத்துப் பிடித்து, பாலியெஸ்டர் நூலால் இருமுறை ஓட்டலாம். பருத்தி நூல் வேண்டா, இழுத்தால் அறும். கழுத்துப் பட்டியைத் திறப்பின் அளவுக்கே வெட்டாமல் நூற்றுக்கு 85 பங்காக வெட்டுங்கள். 18 அங்குலத் திறப்புக்கு ஏறத்தாழ 15¼, அத்துடன் தையலுக்கு விடுவது. பட்டியை நாலாகவும் திறப்பை நாலாகவும் குறித்து, குறியோடு குறி சேர்த்து, பட்டியை மட்டும் இழுத்துத் தைத்தால் கழுத்து உடம்போடு படிந்து நிற்கும்.

இவ்வளவையும் ஏன் விரித்துரைத்தோம் எனின், நம் தெருக்களிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் திருப்பூருக்குப் போகிறார்கள். 1920-களில் பனியன் தொழில் தொடங்கிய அவ்வூர், 1970-களின் இறுதியில் இத்தாலிக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கி, இன்று உலகறிந்த பின்னலாடை நகரமாக விளங்குகிறது. அங்கே ஒருவர் நாள் முழுதும் தோள் தையல் மட்டுமே போடுகிறார், இன்னொருவர் பேட்லாக்கில் கீழ்மடிப்பு மட்டுமே ஓட்டுகிறார். பத்தாண்டு உழைத்தும் ஒரு முழு ஆடையை வெட்டத் தெரியாதவர் உண்டு. அளவுத்தாளை வரைபவரும் கட்டிங் மாஸ்டரும் அமர்ந்திருக்கும் மேசைக்கு நம் பிள்ளைகள் அதிகம் போய்ச் சேரவில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்க்கும் அம்மேசையில் இருப்பவர்க்கும் இடையே நிற்பது, சற்றுமுன் நாம் போட்ட அந்த முக்கால் அங்குலக் கணக்குத்தான். அதை யாரும் வலிந்து அழைத்துச் சொல்லித்தர மாட்டார்கள்.

வாயில்கள் இல்லாமலில்லை. அமைச்சராக விளங்கிய சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் அரசுத் திட்டம் உண்டு. நம் சமூகத்தில் பிறந்து மத்திய அமைச்சர் பதவி வரை உயர்ந்தவர் அவர். 1974-இல் தொடங்கிய தாட்கோ தொழிற்கடனுக்கு வழி செய்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தையல் தொழில்நுட்பம் ஒரு பாடப்பிரிவாகவே இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர் சங்கத்துக்கு வரலாம். ஆயினும் இயந்திரம் மட்டும் வந்து தாள் வராவிட்டால், அது வீட்டு மூலையில் துணி போர்த்து நிற்கும். அப்படி நிற்கும் இயந்திரங்கள் சிலவற்றை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்று திருத்தும் தாளைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள். பழைய தாளைத் தொடாமல் அதன் நகலில் திருத்துங்கள். மேலே பிள்ளையின் பெயர், மார்பளவு, துணியின் நெகிழ்ச்சி, சுருக்கம், அளந்த தேதி ஆகியவற்றை எழுதி, ஆணியில் மாட்டி வையுங்கள். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கொருமுறை மறுபடி அளக்க வேண்டும். பழுப்புத்தாளும் நாடாவும் மேசைமேல் இருக்கின்றன. முதலில் யாரை அளப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.