தண்டவாளம் எல்லையாகிய கதை

(கடந்த மாதக் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

என்ர தமிழ் பாதி எழுத்துத் தமிழ், பாதி வீட்டுத் தமிழ். பொறுத்துக்கொள்ளுங்கோ.

முந்தின கூடலில் ஒரு கேள்வி வந்தது. இந்து சமுத்திரத்தில் இந்தியாவும் சீனாவும் அமெரிக்காவும் முட்டிக்கொள்ளுகிற நேரத்தில், அந்தப் போட்டிக்குள் எங்களுக்கு ஒரு வழி திறக்காதா? "திறக்கும்" எண்டு கை உயர்த்தின ஆக்களில் நானும் ஒருத்தி. இண்டைக்கு அந்தக் கையை இறக்கத்தான் வந்திருக்கிறன். காரணம், முதுகலை ஆய்வுக்காக நான் ஒரு வருசமாகப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு ரயில் பாதை: பெர்லின்–பக்தாத்.

1888-ல் ஒட்டோமான் சுல்தான், அங்காரா வரை பாதை போடும் உரிமையை ஜேர்மனியின் டொய்ச்ச பாங்க் தரப்புக்குக் கொடுத்தார். 1903-ல் பெரிய ஒப்பந்தம் வந்தது: கொன்யாவிலிருந்து பக்தாத் ஊடாகப் பாரசீக வளைகுடா நோக்கி. உரிமை 99 வருசத்துக்கு. பாதையின் இரு பக்கமும் 20 கிலோமீட்டர் வரைக்கும் சுரங்க உரிமையும் கொம்பனிக்குத்தான்.

இதில் நட்டம் யாருக்கு? கொம்பனிக்கு இல்லை. பாதை போடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வருசத்துக்கு 11,000 பிராங், ஓட்டச் செலவுக்கு இன்னும் 4,500 பிராங் என்று ஒட்டோமான் அரசு உத்தரவாதம் கொடுத்தது. ரயிலில் ஆள் ஏறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி. அந்தக் காசுக்கு ஈடாக வைக்கப்பட்டது, விவசாயிகள் விளைச்சலில் கட்டிய தசமபாக வரி. 1881-லிருந்தே வெளிநாட்டுக் கடன்காரர்களின் சபை ஒன்று பேரரசின் வருமானத்தில் ஒரு பங்கை நேரடியாக வசூலித்து வந்தது. ரோசா லக்சம்பேர்க் 1913-ல் வெளியான தன் நூலில் இந்தக் கணக்கைத்தான் பிரித்துக் காட்டினார்: பெர்லினில் இலாபமாகத் தெரிவது அனத்தோலியக் குடியானவனின் தானியம்.

இனிப் போட்டிக்கு வருவம். 1899-லேயே பிரித்தானியா குவைத் ஷேக் முபாரக்கோடு இரகசிய ஒப்பந்தம் செய்தது. எங்கள் அனுமதி இல்லாமல் ஒரு துண்டு நிலத்தையும் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. விலை 15,000 ரூபாய். பவுண் இல்லை, ரூபாய்! வளைகுடா விவகாரங்களை அப்போது பார்த்தது பிரித்தானிய இந்திய அரசு. 1900-ல் ரஷ்யா, கருங்கடல் பக்கம் தங்களைக் கேட்காமல் எந்த வெளிநாட்டவருக்கும் ரயில் உரிமை கொடுக்கக் கூடாது என்று சுல்தானிடம் எழுதி வாங்கியது. 1907-ல் பிரித்தானியாவும் ரஷ்யாவும் பாரசீகத்தைச் செல்வாக்கு வலயங்களாகப் பிரித்தன. பாரசீகரை யாரும் கேட்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? சமரசம். 1911-ல் ரஷ்யாவும் ஜேர்மனியும் உடன்பட்டன. 1914 பெப்ரவரியில் பிரான்சும் ஜேர்மனியும். 1914 யூன் 15-ல் பிரித்தானியாவும் ஜேர்மனியும்: பாதை பாஸ்ராவோடு நிற்கும், கொம்பனியின் சபையில் இரண்டு பிரித்தானியர் இருப்பார்கள். சராயேவோவில் துப்பாக்கி வெடிக்க 13 நாள் இருந்தது. இந்த ரயில்தான் உலகப் போரைக் கொண்டுவந்தது எண்டு பலர் சொல்லுவினம். ஆனால் இந்த விசயத்தில் அவர்கள் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று: வல்லரசுகளின் போட்டி, பங்கு பிரிக்கிறதுக்கு முன்னால் நடக்கிற பேரம்.

அந்தப் போட்டியை நம்பியிருந்த ஒரு மக்கள் கூட்டமும் இருந்தது. 1878 பெர்லின் ஒப்பந்தத்தின் 61-ஆம் பிரிவு ஆர்மேனியருக்குச் சீர்திருத்தமும் பாதுகாப்பும் வாக்களித்தது. அதை வல்லரசுகளே மேற்பார்வை செய்யும் என்றும் சொன்னது. 36 வருசம் மனுக் கொடுத்து, தூதுக்குழு அனுப்பிக் காத்திருந்த பிறகு, 1914 பெப்ரவரியில் இரண்டு வெளிநாட்டு மேற்பார்வையாளர்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. போர் தொடங்கியதும் அதுவும் கிழிந்தது. 1915-ல் ஆர்மேனியரை ஆடு மாடு ஏற்றும் பெட்டிகளில் அடைத்துப் பாலைவனம் நோக்கி அனுப்பியது இதே தண்டவாளத்தில்தான். அமானுஸ் மலையில் சுரங்கப்பாதை வெட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஆர்மேனியத் தொழிலாளரை, வேலை நின்றுவிடும் என்று கொம்பனிப் பொறியியலாளர்கள் தக்கவைக்கப் பார்த்தார்கள். 1916-ல் அவர்களையும் கொண்டுபோனார்கள். அந்த இடத்துக்கு வந்தவர்களில், அந்த ஏப்ரலில் கூத் நகரில் சரணடைந்த பிரித்தானியப் படையின் கைதிகளும் இருந்தார்கள். அந்தப் படையில் பெரும்பான்மை இந்தியர். யாரோ ஒரு பேரரசுக்காகச் சண்டை பிடிக்கப் போனவர்கள், இன்னொரு பேரரசின் ரயிலுக்குக் கல் உடைத்துச் செத்தார்கள்.

1921-ல் பிரான்சும் அங்காரா அரசும் எல்லை போட்டபோது, நீண்ட தூரத்துக்குத் தண்டவாளத்தையே எல்லையாக்கினார்கள். ஒரே குர்திய ஊர்களும் குடும்பங்களும் இரண்டு நாடாகின. குர்தியர் இன்றைக்கும் அந்த இரண்டு பக்கத்தையும் செர்கெத், பின்கெத் என்கிறார்கள்: கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே. 1950-களில் துருக்கி அந்தக் கோட்டோரம் கண்ணிவெடி புதைத்தது. பெர்லினில் என்னோடு படிக்கிற குர்தியத் தோழி ஒருத்தி தன் பெரியம்மாவை "கோட்டுக்குக் கீழே இருக்கிறவ" எண்டுதான் சொல்லுவாள். முதல் தரம் கேட்கேக்க எனக்கு விளங்கவில்லை. இஸ்தான்புல்லிலிருந்து பக்தாத்துக்கு நேரடி ரயில் ஓடினது 1940-ல். ஒப்பந்தம் போட்ட ஒட்டோமான், ஜேர்மன், ரஷ்யப் பேரரசுகள் அப்ப இல்லை. கோடு மட்டும் இருந்தது.

"முபாரக் வென்றார்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குவைத் 1961-ல் சுதந்திர நாடானது. ஆனால் முபாரக்கிடம் விற்பதற்கு ஒரு துறைமுகம் இருந்தது. அரசில்லாத ஆர்மேனியரிடமும் குர்தியரிடமும் இருந்தது மனு மட்டும். நாங்கள் எந்தப் பக்கம் எண்டதை நேர்மையாகப் பார்க்க வேணும்.

1990-ல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போனதை அம்மா இப்பவும் சொல்லுவா. 2014-ல் இந்தியக் கடனில் பாதை திரும்ப வந்தது. 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கொம்பனிக்குப் போனது. குத்தகை 99 வருசம். ரயில் வந்ததில் எனக்கும் சந்தோசம்தான், அதில் ஏறி அப்பம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறன். ஆனால் அந்தக் கடனும் குத்தகையும் எங்கட உரிமையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தூதரகங்களுக்குப் போகவே வேண்டாம் எண்டு நான் சொல்ல வரவில்லை. போகேக்க யார் எங்கட நண்பன் எண்ட கேள்வியை விட்டிட்டு, மூன்று கேள்வியோடு போவம். கடனைக் கட்டுறது யார்? காணி யாருடையது? கையெழுத்து வைக்க முதல் அங்க இருக்கிற ஆக்களைக் கேட்டீங்களா? இதே கேள்விகளைக் குர்தியரும் ஆர்மேனியரும் கேட்டுக்கொண்டிருக்கினம். அடுத்த கூடலுக்கு அவர்களையும் கூப்பிடுவம்.