பிச்சை அல்ல, பங்கு!

(அவிநாசியில் இளைஞர்கள், வியாபாரிகள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தேன். பள்ளிவாசல் கேட் அருகே ஒரு தாய் நின்று கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்தபடி பத்தொன்பது வயது மகன். சட்டைப் பொத்தானைக் கூட அவனால் தானாகப் போட முடியாது. உதவி கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பையில் கையை விட்டேன். "காசு வேண்டாம் ஹஜ்ரத். நான் மவுத்தாகி விட்டால் இவனை யார் பார்ப்பார்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

இத்தனை வருடம் மிம்பரில் பேசியவன், பதில் இல்லாமல் நின்றேன். துஆச் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பி விட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதன் பிறகு பலரிடம் விசாரித்துத் தெரிந்து கொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நோய் வேறு, குறைபாடு வேறு

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு ஆகியவை பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ வருபவை. இவை பைத்தியமும் அல்ல. ஜின் பிடித்ததும் அல்ல. தாயத்துக் கட்டினால் தீராது. சிறு வயதிலேயே கண்டுபிடித்துப் பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, சிறப்புக் கல்வி கொடுத்தால் பல பிள்ளைகள் தாமே உண்ணவும், உடுத்தவும், பேசவும், சிலர் சம்பாதிக்கவும் கற்றுக் கொள்கிறார்கள்.

மனநோய் வேறு. ஆனால் இரண்டிலும் குடும்பங்கள் ஒரே முட்டுச்சுவரில்தான் வந்து மோதுகின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். தர்காவுக்குப் போனால் குணமாகும் என்ற மூடநம்பிக்கை ஒரு காரணம். பக்கத்தில் அரசு சிகிச்சை இல்லாதது இன்னொரு காரணம். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது; காப்பகங்கள் மூடப்பட்டன. 28 உயிர் போன பிறகுதானா அரசு விழிக்க வேண்டும்?

சட்டம் இருக்கிறது

1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இவர்களுக்காகவே வந்தது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு, 18 வயது கடந்தவருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். 'நிராமயா' திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்றது. மற்றவர்களுக்கான நலத்திட்ட உதவியை விட இவர்களுக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அதே பிரிவில், அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்று ஒரு சொல்லையும் செருகி விட்டார்கள். எல்லாக் கதவும் அந்தச் சொல்லில்தான் மூடுகிறது!

பணம் எங்கே?

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்களில் அறிவுசார் குறைபாடு உடையவர்கள் சுமார் 1 லட்சம். இவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500லிருந்து 2,000 ரூபாயானது. பக்கத்து ஆந்திராவில் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகை 2024 ஜூலையில் 6,000 ரூபாயானது. இரண்டாயிரத்தில் ஒரு மாதம் ஓடுமா? வீட்டுச் செலவு தெரிந்த நீங்களே சொல்லுங்கள்.

வட்டார வள மையங்களில் இப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் சிறப்பாசிரியர்களின் சம்பளம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டப் பணத்தில் நடக்கிறது. கல்விக் கொள்கைச் சண்டையில் 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சென்றது. இரண்டு அரசுகளின் மல்லுக்கட்டில் நசுங்குவது யார்? வாய் திறந்து கேட்க முடியாத பிள்ளை!

18 வயது முடிந்தால் அந்த இலவசக் கல்வி உரிமையும் முடிகிறது. அந்தத் தாயின் மகனுக்குப் பத்தொன்பது. அவனைப் பகலில் வீட்டில் பூட்டி விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போவதா? வேலையை விட்டுப் பட்டினி கிடப்பதா?

தர்மமா, உரிமையா?

"நாம் ஜகாத் கொடுக்கிறோமே" என்பார்கள். கொடுங்கள், அது கடமை. ஆனால் ஒரு பிள்ளைக்கு வருடக்கணக்கில் தினமும் தேவைப்படும் பயிற்சியை ரமலானில் கொடுக்கும் ஒரு கவர் தாங்காது.

உமர் (ரலி) அவர்கள், பார்வையற்ற யூத முதியவர் ஒருவர் பிச்சை எடுப்பதைக் கண்டார்கள். தம் சட்டைப் பையோடு நிறுத்திக் கொள்ளவில்லை. இளமையில் இவரிடம் வரி வாங்கி விட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்று பைத்துல் மாலிலிருந்து உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். வியாபாரிகளே! நீங்கள் ஜி.எஸ்.டி. கட்டுகிறீர்கள். சோப்பு வாங்கும் ஏழைத் தாயும் வரி கட்டுகிறாள். அவள் கேட்பது அரசின் பிச்சை அல்ல, தன் பங்கு.

இந்த மண்ணுக்கு இது புதிதா? அத்திக்கடவு - அவிநாசி திட்டத்துக்காக அறுபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டோம். 2016இல் இந்த ஊரிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று, 1,916 கோடி ரூபாயில், 1,045 குளம் குட்டைகளுக்கான திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. தண்ணீரை யாரும் தர்மமாகக் கேட்கவில்லை. எல்லாச் சமுதாயமும் சேர்ந்து உரிமையாகக் கேட்டது.

என்ன செய்யப் போகிறோம்?

இளைஞர்களே! வீதி வீதியாகச் சென்று இப்பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். முஸ்லிம் வீடு மட்டுமல்ல, எல்லா வீடும். மறைத்து வைத்திருப்பார்கள், பக்குவமாகப் பேசுங்கள். அடையாள அட்டை, உதவித்தொகை, நிராமயா, பாதுகாவலர் நியமனம் ஆகியவற்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.

வியாபாரிகளே! உங்கள் சங்கங்களின் பெயரால் திருப்பூர் கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுங்கள். மூன்று கோரிக்கைகள்: அவிநாசியிலேயே தினமும் இயங்கும் பயிற்சி மையம், 18 வயது கடந்தவர்களுக்கு அரசு செலவில் பகல்நேர இல்லம், பெற்றோர் இல்லாதவர்களுக்கு நிரந்தரக் காப்பகம். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேளுங்கள்.

அந்தத் தாயை மீண்டும் சந்தித்தேன். பாதுகாவலர் நியமனம் பற்றிச் சொன்னேன். "பாதுகாவலர் கிடைத்தாலும், இவன் பகலில் எங்கே இருப்பான் ஹஜ்ரத்?" என்று கேட்டார். நான் சொன்னது பாதிப் பதில்தான். மீதிப் பதில் அரசின் கஜானாவில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம். வஸ்ஸலாம்.