வீட்டுக்குள் ஒரு தியேட்டர்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காடாம்புலியூரில் ரேடியோ, டி.வி., ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம், கடையில் செய்வதைப் பேசு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். எனவே ஹோம் தியேட்டர் பற்றிச் சில வார்த்தைகள்.

முந்திரி, பலா சீசன் முடிந்து கையில் நாலு காசு புரளும்போது நம்ம பக்கத்து ஆட்கள் ஸ்பீக்கர் செட் வாங்குவார்கள். வாங்கும் முன் ஒரே கேள்விதான்: "எத்தனை வாட்ஸ், எத்தனை இன்ச்?" வாங்கி ஒரு மாதம் கழித்து வேறு கேள்வி வரும்: "சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிருது சார், ஆனா வசனம் புரியலையே! அம்மா எழுந்து உள்ளே போயிடறாங்க." இதற்குப் பெரும்பாலும் புதுப் பெட்டி தேவையில்லை. இருக்கிற பெட்டியைச் சரியாக வைத்தாலே போதும்.

தமிழ்ப் படங்களில் டால்பி ஸ்டீரியோவுக்கு முன்னோடி 1995-ல் வந்த 'குருதிப்புனல்'. பிறகு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 முறை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இதில் அந்த '.1' என்பது இடி, வெடி போன்றவற்றுக்காகப் படம் எடுத்தவர்கள் தனியாகப் பதிந்து தரும் தடம். அதுவே மொத்த பாஸும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மற்ற ஐந்து தடங்களிலும் தவிலின் தொப்பி ஒலி, பேஸ் கிடார் எல்லாம் இருக்கும். சின்ன ஸ்பீக்கரால் அதைத் தாங்க முடியாது. அதே சத்தத்தை 80 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸில் தரவேண்டுமானால் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடவேண்டும். அதே கூம்புதான் வசனத்தையும் பேசியாக வேண்டும். அப்புறம் எப்படிப் புரியும்?

அதற்குத்தான் ரிசீவர் மெனுவில் கிராஸ்ஓவர் இருக்கிறது. ஸ்பீக்கர் அளவு 'ஸ்மால்' என்றும் கிராஸ்ஓவர் 80 என்றும் வையுங்கள். அதற்குக் கீழுள்ளது சப்வூஃபருக்குப் போய்விடும். லூகாஸ்ஃபிலிமில் டி.எச்.எக்ஸ். முறையை வகுத்தவர் டாம்லின்சன் ஹோல்மன். அந்த முறை வீட்டுக்குச் சொல்வதும் இதே 80 ஹெர்ட்ஸ்தான். நாலு இன்ச் ஸ்பீக்கராக இருந்தால் 100, 120 வரை போகலாம். அதற்கு மேல் போனால் சப்வூஃபர் எந்த மூலையில் இருக்கிறதென்று காது கண்டுபிடித்துவிடும். சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுக்கத் திறந்துவிடுங்கள். ரிசீவர் பிரித்ததை அது மறுபடி பிரிக்க வேண்டாம்.

இனி அறைக்கு வருவோம். ஒத்ததிர்வுத் தம்பக் கருவியில் கணு, எதிர்க்கணு தேடினோமே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அறையும் அப்படி ஒரு தம்பம்தான். நம்ம ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே முதல் ஒத்ததிர்வு 57 ஹெர்ட்ஸ். நாம் கட்டுவதோ பத்துக்குப் பத்து அறை, கூரையும் பத்தடி! நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே 57 ஹெர்ட்ஸில் சேர்ந்து முழங்கும். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பாஸை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்பும். சுவரோரம் உட்கார்ந்தால் காதை அடைக்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுருதியே காணாமல் போகும். இரண்டையும் தவிர்த்துப் பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்காருங்கள். கூடுமானால் நீள அகலம் வேறுபட்ட அறையைத் தேர்ந்தெடுங்கள்.

சப்வூஃபரை எங்கே வைப்பது? ஒரு எளிய வழி இருக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பாஸ் நிறைந்த பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள், சிரிக்கட்டும். எங்கே ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். மூலையில் சத்தம் அதிகம், தெளிவு குறைவு.

மற்றவை சுலபம். நடு ஸ்பீக்கர் டி.வி.க்குக் கீழே, காதைப் பார்த்தபடி. முன் இரண்டும் பார்வைக் கோட்டிலிருந்து 30 பாகை, பக்கத்து இரண்டும் 100 முதல் 120 பாகை. ஒவ்வொன்றும் எத்தனை அடி தூரம் என்று டேப் பிடித்து அளந்து மெனுவில் போடுங்கள். ஃபேஸ் சுவிட்சை இருபக்கமும் தட்டி, உட்காரும் இடத்தில் பாஸ் கூடுதலாகக் கேட்கும் பக்கமே விடுங்கள். கடைசியாக சப்வூஃபர் அளவைக் குறைத்து, வசனம் தெளிந்த பிறகு கொஞ்சமாக ஏற்றுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தூரத்து ஊர்த் திருவிழாவில் பாட்டு புரியாவிட்டாலும் 'தும் தும்' மட்டும் நம்ம திண்ணைக்கு வந்து சேரும். உங்கள் சப்வூஃபரும் அதேபோல் அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டும். அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், படுத்திருக்கும் பெரியவர் இருக்கலாம். இரவு பத்து மணிக்கு மேல் சப்வூஃபரை அணைத்துவிடுங்கள். அப்போதும் வசனம் கேட்கும்.

தம்பி தங்கைகளே, ஆய்வகத்தில் குழாயை வைத்துச் செய்யும் சோதனையை இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு அறையில் செய்து பாருங்கள். டேப்பும் காதும் போதும். சந்தேகம் வந்தால் கடைக்கு வாருங்கள். பேசிக்கொண்டே ஒரு டீ குடிக்கலாம்.