பல்லி மணியடிக்குமா?
(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகள் பலர் பாடத்தைத் தடையின்றி வாசிக்கின்றனர். நூலை மூடிவிட்டு, என்ன படித்தாய் என வினவினால் விழிக்கின்றனர். ஓசை வந்துவிட்டது, பொருள் வரவில்லை.

பொருளின்றி வாசிப்பே இயலாதிருந்த காலம் ஒன்று உண்டு. காவிரிக்கு அக்கரையில் திருவரங்கக் கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பழங்கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. நெருப்பாகிய எரியும் நீர் நிறைந்த ஏரியும் ஒரே வடிவம். அருகில் மதகும் வாய்க்காலும் பேசப்பட்டால் ஏரி எனக் கொள்வர். திருச்சிக்குக் கிழக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இக்குறில் நெடில்களுக்குத் தனி வடிவம் வகுத்தார். எனினும் ‘பாவம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். தீவினைக்கு ஓர் ஒலி, நடனக் கலைஞரின் முகக்குறிப்பிற்கு வேறோர் ஒலி, எழுத்தோ ஒன்றே.

அரபியும் அவ்வாறே. ஜபர், ஜேர், பேஷ் இட்டு மக்தபில் கற்ற பிள்ளை, அவையில்லாத அரபி நாளேட்டில் காஃப், தா, பா மூன்றையும் கண்டால் ‘கதப’ (எழுதினான்) என்பதா, ‘குதுப்’ (நூல்கள்) என்பதா? வாக்கியமே விடை கூறும். பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமார் பலர் அரபுத் தமிழ் நூல்களைப் பொருளுணர்ந்து படித்ததும் இதனாலன்றோ? எழுத்து மக்தபில் கற்றது. மொழி வீட்டில் பேசியது.

இதைக் கொண்டு, எழுத்தை விட்டு ஊகிக்கப் பழக்குதல் தகாது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அம்முறை பல்லாண்டு நடந்தது. எழுத்தொலிகளை முறையாகக் கற்பித்தல் பிள்ளைகளுக்குப் பயன் தருகிறது என்று அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிவித்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ‘திரு’ என்பதை மட்டும் பார்த்து ஏறும் பிள்ளை, திருவானைக்கோவிலுக்குப் பதில் திருவெறும்பூரில் இறங்குவான்! எழுத்து முதலில், அதைச் சரிபார்ப்பது பொருள்.

‘பல்லி மணி அடித்தது’ என்று பிள்ளை வாசித்தால் உடனே திருத்தாதீர்கள். பல்லி மணியடிக்குமா என்று மட்டும் கேளுங்கள். சிரித்துக்கொண்டே திரும்பிச் சென்று ளகரத்தைக் காண்பான். மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் போதும். வாசித்ததைத் தமிழிலோ, உருது பேசும் வீடாயின் உருதுவிலோ, தன் சொற்களில் தாயிடம் கூறட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதனைக் கேட்டு, புரியாத இடத்தில் “ஏன்?” என்று வினவலாம்.